ஐட்லர் புல்லியைக் காவு வாங்கிய டைனமோ: என் பிக்கப்பின் பெல்ட் சத்தம்

ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகிற டீசல் பிக்கப் என்னுடையது. செகண்ட்ஸில் எடுத்தது. இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டிலும் ஒரு குறை சொல்ல மாட்டேன். மானத்தை வாங்கியது இன்ஜின் முன்னால் ஓடுகிற, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைச் சுற்றுகிற பெல்ட்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச் கீச் என்று ஆரம்பிக்கும், போகப் போகக் கரகரக்கும், கடைசியில் பெல்ட்டைத் தாங்கி வழிவிடுகிற சின்னச் சக்கரமான ஐட்லர் புல்லி போய்விடும். புதுசு போட்டால் சில மாதம் நிம்மதி. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

கழற்றிய புல்லிகளை எறியாமல் டூல்ஸ் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். எல்லாமே ஒரே மாதிரி செத்திருந்தன. பேரிங் சீலின் ஓரத்தில் கிரீஸ் காப்பிப்பொடி நிறத்தில் கசிந்து காய்ந்திருந்தது. பேரிங்கைக் கவ்வி நிற்கும் பிளாஸ்டிக் சூட்டில் இளகி, விரலால் ஆட்டினாலே ஆடியது. அதில் லோக்கல் சரக்கும் உண்டு, ஒரிஜினலும் உண்டு. இரண்டுக்கும் ஒரே கதி என்றால் சரக்கைத் திட்டி என்ன பயன்?

பெல்ட் கத்தினால் ஸ்ப்ரே அடி என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். அடிக்காதீர்கள். நாலு நாள் வாயை மூடும், அப்புறம் பிசுபிசுப்பில் மண் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது, கையையும் துண்டையும் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் சட்டென்று அடங்கி, காய்ந்ததும் திரும்பினால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் இன்னும் கத்தினால் பெல்ட் வழுக்குகிறது, இறுக்கம் (டென்ஷன்) போதவில்லை. என் வண்டி இன்னும் கத்தியது.

பழனியில் ஒரு மெக்கானிக் தம்பிதான் பிடி கொடுத்தார். "புல்லியை விடுங்கண்ணே, டென்ஷனர் கையைப் பாருங்க." பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் கை அது. பார்த்தால், லேசாக நடுங்க வேண்டிய கை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அடுத்து டைனமோவில் டார்ச் அடித்தார். புல்லி நடுவில் பிளாஸ்டிக் மூடி இருக்க வேண்டிய இடத்தில் சாதா நட்டு. எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் டைனமோ வேலை பார்த்தபோது, ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் சும்மா சுற்றுகிற ஒன்வே புல்லிக்குப் பதிலாக விலை குறைந்த சாதா புல்லியை மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

அதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் எனக்கும் தோன்றியது. நாலு சிலிண்டர் இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் ஐட்லிங் ஓடினால் நிமிடத்துக்கு 1600 தடவை வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்புக்கும் பெல்ட்டை ஓட்டுகிற கிராங்க் தண்டு ஒரு எட்டு வேகமெடுத்து மறுபடி தளரும். டைனமோவுக்குள் சுழல்கிற ரோட்டாரோ கனமானது, கிராங்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றுவது; கிராங்க் தளரும்போது அதனால் உடனே தளர முடியாது. அந்த இழுபறி முழுக்க பெல்ட்டில் இறங்கும், டென்ஷனரை உதைக்கும், ஐட்லர் பேரிங்கைத் தின்னும். ஒன்வே புல்லி இருந்தால் அந்த நொடியில் ரோட்டாரைத் தன்போக்கில் ஓட விட்டுவிடும்.

ஒன்வே புல்லியோடு டென்ஷனர், ஐட்லர், பெல்ட் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினோம். உதை வாங்கிய டென்ஷனரின் புஷ் தேய்ந்து கை சாய்ந்திருந்தது. அதை விட்டுவைத்தால் புதுப் பெல்ட்டும் ஓரம் தேயும். ஒன்வே புல்லியைக் கழற்றி மாட்டத் தனி ஸ்ப்லைன் சாக்கெட் வேண்டும். சுத்தியலும் உளியும் எடுத்து வருகிற ஆளிடம் வண்டியை விடாதீர்கள். விலையும் சாதா புல்லியைப் போலப் பல மடங்கு. கொடுக்கும்போது வயிறு எரியத்தான் செய்தது.

அதற்குப் பிறகு ஒரு முழு மழைக்காலமும் ஒரு கோடையும் லோடு அடித்தாயிற்று, ஐட்லர் மாற்றவில்லை. ஆனால் ஒன்வே புல்லியும் தேய்கிற பொருள்தான். அதனால் ஆயில் மாற்றும்போதெல்லாம் பெல்ட்டைக் கழற்றி, ரோட்டாரை அசையாமல் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன்: ஒரு பக்கம் சும்மா சுற்ற வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிடித்தால் ஆயுள் முடிந்தது. இரண்டு பக்கமும் சுற்றினால் பேட்டரி சார்ஜே ஏறாது.