நாலு வருஷம் ஓட்டிய ரூட்டரும் அதன் காலெட்டும்

மரத்தில் காடியும் ஓரமும் அடிக்கும் என் ரூட்டர் மெஷின் போன வாரம் சர்வீஸிலிருந்து திரும்பி வந்தது. கார்பன் பிரஷ், மேல் பேரிங், காலெட் மூன்றும் புதிது. அன்று சாயங்காலமே சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, நீங்க வச்சிருக்க அதே மெஷினுக்கு மூவாயிரம் குறைச்சிருக்கான். வாங்கிரவா?" போனில் அவனுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வாட், எடை எல்லாம் டப்பாவிலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். மோட்டாரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. நாலு வருஷத்தில் எத்தனை நிலை, எத்தனை கதவு என்று கணக்கு வைக்கவில்லை. நாட்டுத் தேக்கு, வேங்கை, வேம்பு எதிலும் திணறியதில்லை. சுவிட்சைப் போட்டால் உதறாமல் மெதுவாக வேகம் பிடிக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இன்றைக்கும் சொன்னபடி கேட்கிறது. உளி பிடித்து அரை மணி நேரம் குடைந்த கீல் குழியை, அச்சுப் பலகை வைத்து மூன்று நிமிடத்தில் எடுக்கிறேன். எட்டுக் கீலும் ஒரே ஆழத்தில் உட்கார்ந்ததை முதல் தடவை பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

என் கோபமெல்லாம் காலெட் மேல்தான். மரத்தை வெட்டும் அலகான பிட்டின் தண்டைப் பிடித்துக்கொள்ளும், வாய் கீறிய அந்தச் சின்னக் குழல். நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுற்றும் பிட்டின் கூரான கார்பைடு (மிகக் கெட்டியான உலோகக் கலவை) முனையை மெஷினோடு கட்டி வைப்பது அது ஒன்றுதான்.

என் மெஷினில் இருப்பது அரை இஞ்ச் காலெட், அதாவது 12.7 மி.மீ. நம் ஊர்க் கடைகளில் 12 மி.மீ. பிட்டையும் "அரை இஞ்ச்" என்றே கொடுக்கிறார்கள். கால் இஞ்ச் கதையும் இதேதான்: 6.35 கேட்டால் 6 வரும். வித்தியாசம் 0.7 மி.மீ.தானே, நட்டை இறுக்கினால் பிடித்துக்கொள்ளும் என்று தோன்றும். பிடிக்கவும் செய்யும், ஸ்பேனர் இறுகி நிற்கும். ஆனால் காலெட் தன் அளவிலிருந்து கொஞ்சமே சுருங்கும்படி செய்யப்பட்டது. அதற்கு மேல் நெருக்கினால் தண்டை முழு நீளத்துக்கும் அணைக்காமல் ஒரு ஓரத்தில் மட்டும் கவ்வும்.

அப்படி ஒரு 12 மி.மீ. பிட்டைக் கடைக்காரர் பேச்சை நம்பி மாட்டினேன். தேக்குக் கதவுச் சட்டத்தில் பலகை உட்காரும் காடி, 10 மி.மீ. ஆழம். பாதி தூரம் போகும்போதே மோட்டார் சத்தம் கனத்தது. மரம் கெட்டியாக இருக்கிறது என்று நினைத்துத் தள்ளினேன். முடித்து அளந்தால் ஆரம்பத்தில் 10, கடைசியில் 14. பிட் சுற்றிக்கொண்டே காலெட்டிலிருந்து 4 மி.மீ. கீழே இறங்கியிருக்கிறது. சட்டம் இன்னும் நீளமாக இருந்திருந்தால் பிட் முழுசாகக் கழன்று பறந்திருக்கும். எதிரே கிளாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது என் பட்டறைப் பையன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அத்தோடு முடியவில்லை. அளவு மீறி நெருக்கப்பட்ட காலெட் உருக்குலைந்துபோனது. அதற்குப் பிறகு சரியான 12.7 பிட் போட்டாலும் வழுக்கியது. புதுக் காலெட் 850 ரூபாய்தான். அது கைக்கு வர 47 நாள் ஆனது. ஒவ்வொரு தடவை கேட்டபோதும் "அடுத்த வாரம்" என்றார்கள். மெஷின் நன்றாக இருந்தும் கதவு வேலையைக் கையிலிருந்து விட்டேன். இதில் தவறான பிட்டை மாட்டியது நான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நட்டின் மேல் "12.7" என்று பொறிக்க எவ்வளவு செலவாகும்? கையேட்டில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை எந்த ஆசாரி படிப்பார்?

அதிலிருந்து பிட் மாட்டும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். முதலில் பிளக்கைப் பிடுங்குவேன், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வெர்னியர் அளவுகோலால் தண்டின் விட்டத்தை அளப்பேன். தண்டை அடி வரை இறக்கி, பிறகு 2, 3 மி.மீ. மேலே இழுத்து இறுக்குவேன். அடி தட்டி நின்றாலும், வெட்டும் பகுதியும் தண்டும் சேரும் இடத்து வளைவு காலெட் வாயில் சிக்கினாலும், ஸ்பேனருக்கு இறுகியது போலத் தெரியும், உள்ளே பிடி இருக்காது. காலெட் நீளத்தில் முக்கால் பங்காவது தண்டு உள்ளே இருக்க வேண்டும். ஆழம் போதவில்லை என்று பிட்டை வெளியே இழுத்து வைத்து ஓட்டவே கூடாது, நீளமான பிட் வாங்குங்கள். நட்டு விளிம்பில் தண்டின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, முதல் ஓட்டம் முடிந்ததும் பார்ப்பேன். கோடு நகர்ந்திருந்தால் வேலையை நிறுத்திவிடுவேன். தண்டில் பழுப்பு வளையமோ கீறலோ இருந்தால் அந்தப் பிட் முன்பே வழுக்கியிருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடுவேன், என்ன விலையாக இருந்தாலும் சரி. காலெட்டுக்குள் சேரும் பிசினையும் தூளையும் பித்தளைப் பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். எண்ணெய் விடக் கூடாது. பிட் இல்லாமல் நட்டை இறுக்கி வைக்கவும் கூடாது.

அடுத்தது, தள்ளும் திசை. மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரச் சுற்றில் சுற்றுகிறது. வெட்டும் ஓரம் உங்களைப் பார்த்து இருந்தால் இடமிருந்து வலமாகத் தள்ள வேண்டும். சட்டத்தின் வெளி ஓரம் என்றால் இடஞ்சுழியாக, உள் ஓரம் என்றால் வலஞ்சுழியாக. அப்போது மரம் எதிர்த்து நிற்கும், கைக்குக் கட்டுப்படும். மாற்றித் தள்ளினால் பிட் வண்டிச் சக்கரம் போல மரத்தின் மேல் ஓட ஆரம்பித்து மெஷினை இழுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் பட்டறைப் பையன் ஒரு இஞ்ச் அகல பீடிங்கில் (ஓரத்துக்கு அடிக்கும் மரப்பட்டி) திசை மாற்றி ஓட்டினான். பீடிங் தெறித்து டியூப் லைட்டை உடைத்தது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது மெல்லிய பீடிங் வேண்டுமென்றால் அகலப் பலகையில் ஓரம் அடித்துவிட்டுப் பிறகுதான் அறுக்கிறோம். மேஜையில் தலைகீழாக மாட்டினால் திசையும் தலைகீழ், வலமிருந்து இடம். அங்கே பிட்டுக்கும் தடுப்புப் பலகைக்கும் நடுவில் மரத்தைச் செருகித் தள்ளக் கூடாது. அம்பு மாதிரிப் பாயும்.

வேகத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. 50 மி.மீ. விட்டமுள்ள பிட்டை 24,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 226 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த அளவுப் பிட்டுக்கு நான் 16,000 தாண்டுவதில்லை. பேனல் அடிக்கும் 80 மி.மீ. பிட்டைக் கையில் பிடித்து ஓட்டவே மாட்டேன், அது மேஜைக்கு மட்டும், 10,000-க்குப் பக்கத்தில். காடி எவ்வளவு ஆழமானாலும் ஒரு ஓட்டத்துக்கு 4, 5 மி.மீ. மரம் கருகினால் பிட் மழுங்கியிருக்கும், பிசின் ஒட்டியிருக்கும், இல்லை மிக மெதுவாகத் தள்ளுகிறீர்கள். தேக்கில் சிலிக்கா உண்டு, சாதா ஸ்டீல் பிட்டைச் சீக்கிரம் தின்றுவிடும். கார்பைடே போடுங்கள்.

இன்னொரு எரிச்சல், விரலை எடுத்தாலும் சுவிட்சைப் போட்டபடியே வைத்திருக்கும் லாக் பட்டன். லாக் போட்டு ஓட்டும்போது கரண்ட் போகும். மெஷினை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். கரண்ட் வந்ததும் ஆளில்லாத மேஜையில் அது தானாக எழும்பும். இதைத் தடுக்கும் வசதி சில மெஷின்களில் உண்டு, இதில் இல்லை. கரண்ட் போனால் பிளக்கைப் பிடுங்கு என்பது இப்போது எங்கள் பட்டறைச் சட்டம். கண்ணாடி, காதுக்கு மஃப், நல்ல மாஸ்க் மூன்றும் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் வரவைக்கும் என்று ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள், முகத்தில் துண்டைக் கட்டினால் அது நிற்காது. ஆனால் மெஷின் ஓட்டும்போது கழுத்தில் துண்டும் கையில் உறையும் வேண்டாம், சுற்றும் பிட் பிடித்து இழுத்துவிடும்.

இவ்வளவு வேலை கொடுத்த மெஷின். மோட்டாருக்கு மார்க் போடச் சொன்னால் முழு மார்க். ஆனாலும் தம்பி, நீ இதை வாங்காதே. மூவாயிரம் குறைந்தாலும் வேண்டாம். 850 ரூபாய் உருப்படிக்கு 47 நாள் காக்கவைத்தவர்களை நம்பி உன்னை வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீ செய்வது பிளைவுட் ஓரமும் மைக்கா டிரிம்மிங்கும்தான், அதற்கு டிரிம்மர் என்கிற சின்ன ரூட்டர் போதும். உதிரி பாகம் உன் ஊரிலேயே கிடைக்கிற மாடலாகப் பார். கேட்காமல் இதையே வாங்கிவிட்டாய் என்றால், அதே பில்லில் இன்னொரு காலெட்டும் சேர்த்து வாங்கு. பிட்டை வெர்னியர் வைத்து அளக்காமல் கடையை விட்டு வெளியே வராதே. முதல் காடி அடிக்கிற அன்று எனக்குப் போன் போடு, நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.