பிள்ளை அழுதால் எழும்ப முடியுமா? வீட்டில் செய்வதும் கடையில் வாங்குவதும்

வீட்டில் செய்வதா, கடையில் வாங்குவதா என்று கேட்டால் எல்லோரும் உடனே காசுக் கணக்குப் பார்ப்பார்கள். காசு முக்கியம்தான். ஆனால் தவழ்கிற பிள்ளையும் முன்பள்ளிப் பிள்ளையும் இருக்கும் வீட்டில் அதற்கு முன்னால் கேட்கவேண்டியது வேறு: இந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு எழும்ப முடியுமா? வறுபடும் மிளகாய் காத்திருக்காது. வெட்டி வைத்த துணி ஒரு மாதமும் காத்திருக்கும். செடி மார்கழியில் ஒரு கிழமை தாங்கும், ஆடியில் ஒரு நாள் தாங்குவதே பெரிது.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். வீடு திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம், கடற்கரை மணல் தரை. சமையல், தையல், தோட்டம் மூன்றும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு அடிபடுகிற வீடு. அந்த அடிபிடியில் எது எதை வென்றது என்பதைத்தான் எழுதுகிறேன். மாமியின் தீர்ப்பு பல இடங்களில் வேறு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இடியப்பமா, புட்டா

இடியப்பத்தை வாங்குங்கள். மாமிக்கு இது பிடிக்காது. “இடியப்பத்தையும் காசு குடுத்து வாங்கிற காலம் வந்திட்டுது தம்பி” என்பார். ஆனால் வேலையைப் பாருங்கள். மாவுக்குக் கொதிநீர் விட்டுக் குழைத்து, சூடு ஆறுவதற்குள் உரலில் போட்டுப் பிழிந்து, தட்டுத் தட்டாக அடுக்கி அவிக்கவேண்டும். நடுவில் எழும்பினால் மா இறுகிவிடும், பிறகு உரல் சுற்றாது. இரண்டு கையிலும் மா, பக்கத்தில் கொதிக்கிற பானை, காலில் தொங்கும் பிள்ளை. விடிய ஆறரை மணிக்கு இது நடக்கிற காரியம் இல்லை. திருகோணமலையில் நாலைந்து ஒழுங்கைக்கு ஒரு வீட்டிலாவது யாரோ ஒரு அக்கா இடியப்பம் அவித்து விற்கிறார். அதுவும் வீட்டுச் சாப்பாடுதான், நம் வீடு இல்லை, அவ்வளவே.

வாங்கும்போது என்ன மா என்று மட்டும் கேளுங்கள். சிவப்பு அரிசி மா என்றால் தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும், பசி தாங்கும். வெள்ளை இடியப்பம் பெரும்பாலும் அவித்த கோதுமை மாவில் செய்தது. கோதுமை மாவை முதலில் அவிப்பது அதன் பசைத்தன்மையைக் குறைக்கத்தான். இல்லாவிட்டால் பிழிந்தது களியாகிவிடும். சீனக்குடாவில் பிறிமா ஆலை இருப்பதால் கோதுமை மா நம் ஊர்த் துறைமுகக் கரையிலேயே அரைபடுகிறது. இருந்தாலும் எனக்குச் சிவப்புத்தான்.

சொதியும் சம்பலும் மட்டும் வீட்டில். தேங்காய் சேர்ந்தவை இந்த வெக்கையில் எப்போது புளிக்கத் தொடங்கும் என்று சொல்லமுடியாது. காலையில் செய்த சம்பலை யாரோ பின்னேரம் விற்றால் அதை நான் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டேன்.

புட்டு இதற்கு நேர்மாறு. மாவுக்குத் தண்ணீர் தெளித்து உதிரியாகக் குழைத்து, ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டுப் போகலாம். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வந்து அவிக்கலாம். அவித்து மிஞ்சினால் இரவுக்குக் கொஞ்சம் வெங்காயமும் முட்டையும் போட்டுக் கொத்திவிடலாம். கடைப் புட்டு ஆறினால் கல். ஆகவே எங்கள் வீட்டில் இடியப்பம் கடை, புட்டு வீடு. பாணைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை. ஒரு இறாத்தல் பாணுக்காக அவண் வாங்கிக் கரண்ட் பில்லை ஏற்ற எனக்கு மனமில்லை.

தூள், தேங்காய்ப்பால்

மிளகாய்த்தூள் நடுவில் விடக்கூடாத வேலை. ஆனாலும் அதை வீட்டில்தான் செய்யவேண்டும் என்பேன். காரணம், இது நாளாந்த வேலை இல்லை. சில மாதங்களுக்கு ஒருதடவை, ஒருவர் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போக, மற்றவர் வறுக்கலாம். செத்தல் மிளகாய் நெடியில் குழந்தை வீட்டில் இருக்கவே கூடாது. அது ஒன்றே போதும், ஆளை வெளியே அனுப்ப.

எங்கள் வீட்டில் செத்தலும் மல்லியும் சம அளவு. பெருஞ்சீரகம், சீரகம், மிளகு, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், ஒரு கை கறிவேப்பிலை. எல்லாவற்றையும் தனித்தனியே வறுக்கவேண்டும். வெந்தயம் முந்திக் கருகும், மல்லி பிந்திச் சிவக்கும். ஒன்றாகக் கொட்டினால் ஒன்று பச்சை, ஒன்று கரி. பைக்கற்றில் வரும் வெறும் மிளகாய்த்தூள் பெரும்பாலும் வறுக்காமல் அரைத்தது. அதைக் கறியில் போட்டால் உறைப்பும் நிறமும் வரும், அந்த வறுத்த வாசம் வராது. வறுத்த தூளும் பைக்கற்றில் வருகிறது, அவசரத்துக்குப் பரவாயில்லை.

மில்லில் அரைத்து வந்ததும் சூட்டோடு போத்தலில் போடாதீர்கள். பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிடவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துக் கட்டிபட்டு, பிறகு பூஞ்சணம் பிடிக்கும். கடற்காற்றில் இது இன்னும் மோசம். பெரிய போத்தலை இறுக்கி மூடி உள்ளே வைத்துவிட்டு, அன்றாடத்துக்குச் சின்னப் போத்தல் ஒன்று வைத்திருப்பது நல்லது. மில்லில் நமக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். குரக்கன் என்றால் பிரச்சினை இல்லை. மாறி நடந்தால், அதாவது நம் தூளுக்குப் பின்னால் ஒருவர் பிள்ளைக்குக் குரக்கன் அரைக்க வந்தால், அது அவருடைய பிரச்சினை.

தேங்காய்ப்பாலில் எனக்கு ஒரு பக்கச் சார்பு இல்லை. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது பைக்கற்றில் வரும் தேங்காய்ப்பால் மாவின் பக்கம் போகாத வீடு குறைவு. பருப்புக்கும் மீன் குழம்புக்கும் மா போதும். சொதிக்குப் போதாது, பால் மா சொதி கொதித்ததும் தட்டையாகிவிடும். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: தேங்காய்ப்பால் மா பலவற்றில் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள். அது பசுப்பாலில் இருந்து எடுக்கும் புரதம். பிள்ளைக்குப் பால் ஒவ்வாமை என்றால் பைக்கற்றின் பின்பக்கத்தைக் கட்டாயம் வாசிக்கவேண்டும்.

சின்னவனின் சாப்பாட்டுக்கு வருவோம். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குத் தனியாகச் சமைக்கிறேன் என்று தனிச் சட்டி, தனி அடுப்பு வைப்பவர்கள் சீக்கிரம் களைத்துப் பைக்கற்றுக்குப் போய்விடுவார்கள். வீட்டுக் கறிக்கு உப்பும் தூளும் போடமுன் பருப்பையும் பூசணியையும் மீனையும் எடுத்து, சோற்றோடு மசித்துவிட்டால் வேலை முடிந்தது. வெறும் அரிசிக் கஞ்சியை மட்டும் கொடுத்துக்கொண்டு ‘வீட்டுச் சாப்பாடு’ என்று பெருமைப்படுவதில் அர்த்தம் இல்லை. அதில் இரும்புச்சத்துப் போதாது. அந்த ஒரு விஷயத்தில், இரும்புச்சத்துச் சேர்த்து வரும் பைக்கற்று உணவு வெறும் கஞ்சியை வெல்லும். மீன், முட்டை, பருப்பு, கீரை உள்ளே போனால்தான் வீடு வெல்லும். கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷாவை இந்தப் போட்டிக்குள் கொண்டுவராதீர்கள். சோளம், சோயா, பால்மா கலந்து, விற்றமின்களும் சேர்த்த அந்த மா சாப்பாட்டுக்கு மேலதிகமாகக் கொடுப்பது. மருத்துவமாது தந்தால் அதை அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள், பெரியவர்கள் உருண்டை பிடித்துச் சாப்பிடாமல்.

மெஷினும் துணியும்

பாதியில் விட்டாலும் கெடாத வேலை என்றால் தையல்தான் முதலிடம். ஊசியை மேலே தூக்கிவிட்டு எழும்பிப் போகலாம். திரும்பி வர இரண்டு நாள் ஆனாலும் தையல் அங்கேயே இருக்கும். (ஊசியும் கத்தரிக்கோலும் பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் என்பதை எழுதவேண்டுமா?) ஆனால் காசுக் கணக்கில் மூன்றிலும் தையல்தான் கடைசி. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு சட்டை தைக்க ஏறக்குறைய ஒரு மீற்றர் சீத்தைத் துணி, நூல், பொத்தான், ஒரு பின்னேரம். அந்தத் துணிக் காசுக்கே கடையில் தைத்த சட்டை எடுக்கலாம். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்புகள் நாட்டுக்குள் மலிவு விலைக்கு வருவதால், புதிதாகத் தைப்பவர் அந்த விலையோடு போட்டி போடவே முடியாது.

அப்போ மெஷின் எதற்கு? நேர்த்தையலுக்கு. தலையணை உறை, கதவுச் சீலை, மேசை விரிப்பு, நுளம்பு வலையில் கிழிசல். இவற்றுக்கு அளவு தப்பினாலும் யாரும் கேட்கப்போவதில்லை, தைத்த உறைக்கும் வாங்கிய உறைக்கும் விலையில் நல்ல வித்தியாசம் உண்டு. அப்புறம் திருத்த வேலை. களிசானின் மடிப்பை அவிழ்த்து நீளமாக்குவது, இடுப்பைப் பிடிப்பது, அக்காவின் சட்டையைத் தம்பியின் படுக்கை விரிப்பாக்குவது. இதற்குத் தையல்காரரிடம் போய் வரும் நேரத்திலேயே வேலை முடிந்துவிடும்.

பாடசாலைச் சீருடை விஷயம் தனி. அரச பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கிடைக்கிறது, ஆகவே தையல் கூலி மட்டும்தான் கேள்வி. வெள்ளைத் துணியில் கொலரும் மடிப்பும் நேராக வராவிட்டால் தூரத்திலேயே தெரியும். அதைத் தெரிந்த தையல்கார அக்காவிடம் கொடுப்பதே நல்லது. கொடுக்கமுன் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துக் கொடுங்கள். பருத்தி சுருங்குவதென்றால் வெட்டமுன் சுருங்கட்டும். கீழ் மடிப்பில் இரண்டு அங்குலமாவது விடச் சொல்லுங்கள், அடுத்த வருடம் அந்த வேலை நம் மெஷினுக்கு.

மாமி சொல்லி நாங்கள் ஏற்றுக்கொண்ட ஒன்று, துணி நாப்பி. பழைய மென்பருத்திச் சேலையைச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் மடித்துத் தைத்தால் போதும். பங்குனி முதல் புரட்டாதி வரை வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், பம்பஸ் செலவு பாதிக்கு மேல் குறையும். ஐப்பசி பிறந்ததும் கதை மாறும். வாடைக்காற்று மழையோடு வந்தால் கொடியில் போட்டது அடுத்த நாளும் ஈரம்தான், வீட்டுக்குள் போட்டால் மணக்கும். அந்த மாதங்களில் இரவுக்குப் பம்பஸ், பகலுக்குத் துணி. இதில் பிடிவாதம் பிடித்தால் பிள்ளைக்குத்தான் தோல் சிவக்கும்.

தோட்டம்

2022 ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். கொழும்புப் பக்கம் மழைக்காலம் அது. இங்கே அதே ஜூனில் கச்சான் காற்று நெருப்பாக வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, வறண்டுபோய்த்தான் நம்மிடம் வருகிறது. திருகோணமலையில் தோட்டம் என்றால் ஐப்பசியில் தொடங்கவேண்டும். புரட்டாதியில் நாற்று மேடை, முதல் மழையோடு நடுகை. இதைத் தவறவிட்டு வைகாசியில் கன்று வாங்கி வைப்பவர், வாளியோடு தண்ணீர் காவுவதற்குத் தயாராக இருக்கவேண்டும்.

சந்தையோடு ஒப்பிட்டால் தோட்டத்தில் எல்லாப் பயிரும் ஒரே மாதிரி இல்லை. கரட், லீக்ஸ், போஞ்சி எல்லாம் மலையில் விளைந்து தம்புள்ளைச் சந்தை வழியாக ஏ6 வீதியில் நூறு கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வருபவை. அவற்றை மணலில் முயற்சி செய்யாதீர்கள், வாங்குங்கள். கத்தரி, வெண்டி, பயிற்றங்காய் இங்கே நன்றாக வரும். வெண்டி ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். ஆனால் நமக்குக் காய்க்கிற அதே நேரத்தில்தான் ஊர்த் தோட்டக்காரருக்கும் காய்க்கும், சந்தையிலும் விலை இறங்கியிருக்கும். மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தான் பறித்த காயைப் பிள்ளை விரும்பிச் சாப்பிடும் என்பார்கள். எங்கள் மூத்தவள் பறிப்பாள், சாப்பிடமாட்டாள்.

உண்மையில் வெல்லுவது சின்னச் சின்னப் பறிப்புக்குரியவை: கறிவேப்பிலை, ரம்பை, பச்சைமிளகாய், தேசி. கடையில் கட்டாக வாங்கி, நாலு இலை பாவித்து, மிச்சத்தை வாட விடுவதுதான் வழக்கம். முற்றத்தில் நின்றால் தேவைக்கு நுள்ளலாம். அடுத்தது கீரை. கங்குன் விதைத்து மூன்று நான்கு கிழமையில் வெட்டலாம், வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். பொன்னாங்காணியும் பசளியும் தண்டை ஊன்றினாலே போதும். முருங்கையைச் சொல்லவே தேவையில்லை, ஆனால் ஐப்பசிக்கு முன் கொப்பைத் தறித்துவிடுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் நமக்கு வடக்கே கரையேறியது. அந்த மாதிரிக் காற்றுக்கு முருங்கைக் கொப்பும் பப்பாசி மரமும் நிற்காது.

மணல் தரையில் தண்ணீர் நிற்காததுதான் பெரிய சிக்கல். குழியின் அடியில் உரிமட்டையை உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மேலே எருவும் மண்ணும் போட்டால் ஈரம் பிடித்து வைக்கும். உரப்பையில் வைத்தாலும் இதே முறைதான். நகருக்குள், கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு போட்டியாளர் உண்டு: புள்ளிமான். வீதியில் திரியும் மான் கூட்டம் படலை திறந்திருந்தால் உள்ளே வந்து, பசளியையும் அகத்தியையும் நம்மைவிட நன்றாகச் சாப்பிடும். அவர்கள் மொட்டைமாடியில் பை வைப்பதே மேல்.

மூன்றுக்கும் ஒரேயடியாகக் காசு போட முடியாது என்றால், முதலில் தோட்டத்துக்குப் போடுங்கள், அதுதான் மலிவு. சில உரப்பை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கறிவேப்பிலைக் கன்று. அடுத்தது நல்ல கிரைண்டர். மெஷின் கடைசியில், அதுவும் உறவுக்காரரிடம் சும்மா கிடக்கும் கைமெஷின் ஒன்றைக் கேட்டுப் பார்த்த பிறகு. பழையது வாங்குவதென்றால் பொபினைக் கழற்றிப் பாருங்கள். வட்டப் பொபின் என்றால் சாமான் இலகுவாகக் கிடைக்கும். படகு வடிவக் கூட்டுக்குள் நீளமான பொபின் வைக்கிற பழைய மெஷின்களுக்கு அதைத் தேடி அலையவேண்டும். பிறகு மெல்லிய துணி இரண்டு மடிப்பிலும், களிசான் மடிப்பு மாதிரித் தடித்த ஒன்றிலும் தைத்து, துணியைத் திருப்பிக் கீழ்ப்பக்க நூலைப் பாருங்கள். அங்கே நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல்நூலை அவிழ்த்துத் திரும்பக் கோத்து, இன்னொருதடவை தைக்கச் சொல்லுங்கள். அப்போதும் அப்படியே தொங்கினால் விலை பேசாமல் வந்துவிடலாம்.