பேத்தை மீனுக்கு நத்தை: கொளத்தூர் கடை எப்படி?

பச்சைப் புள்ளிப் பேத்தை (உடலை உப்பிக்கொள்ளும் பஃபர் மீன்) வளர்ப்பவர்கள் உயிருள்ள நத்தைக்காகச் சென்னை கொளத்தூர் வரை தாராளமாகப் போகலாம். பெரும்பாலான மீன்களுக்குப் பழைய பல் விழுந்து புதுசு முளைக்கும், பேத்தைக்கோ புதுப்பல் பட்டை பட்டையாக அடுக்கி, மேலே இரண்டு கீழே இரண்டு தகடாகச் சேர்ந்து அலகு மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும், கெட்டி ஓட்டைக் கடித்துத் தேய்க்காவிட்டால் வாயில் இரை எடுக்க முடியாமல் பட்டினி கிடந்தே செத்துவிடும். நான் வாங்கியவை எல்லாம் உயிரோடு இருந்தன, ஓடும் நல்ல கெட்டி. மீன் கவ்வும்போது ‘டக்’ சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்கிறது! பொடி நத்தையை அதிகம் கலப்பதுதான் குறை, அதை அப்படியே விழுங்கிவிடுகிறது, பல் தேயாது. அப்புறம், பெரிசாகப் பொறுக்கித் தரச் சொன்னால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள்.