ஏடி-டி: லாரி முகமும் டாங்கியின் கால்களும்

கனரகப் பீரங்கிகளை இழுப்பதற்கென்று கட்டப்பட்ட சங்கிலிப்பட்டை வண்டிகளில், சோவியத் ஒன்றியத்தின் கார்கிவ் நகரில் 1950 முதல் 1979 வரை தயாரான ஏடி-டி அளவுக்கு நீண்ட காலம் உழைத்தவை மிகச் சிலவே. முன்னால் நின்று பார்ப்பவருக்கு அது அக்காலத்துச் சிஸ்-150 லாரியாகவே தோன்றும். கீழே ஓடுவதோ டி-54 டாங்கியின் உறுப்புகளைக் கொண்டு அமைத்த அடிப்பாகம்.

டாங்கியில் பின்புறம் இருக்கும் எஞ்சினையும் சங்கிலியை இழுக்கும் பற்சக்கரத்தையும் வடிவமைப்பாளர்கள் இதில் முன்புறத்துக்குக் கொண்டுவந்ததுதான் இவ்வண்டியின் மிகச் சிறந்த முடிவு என்பேன். அதனால் பின்பகுதி முழுவதும் காலியாகி, 5 டன் குண்டுகளை ஏற்றிக்கொண்டு, பீரங்கிப் படையினரையும் அமர்த்திக்கொண்டு, 25 டன் வரை இழுத்துச் செல்ல முடிந்தது. 21 டன்னுக்கு மேல் எடையுள்ள 180 மி.மீ. எஸ்-23 பீரங்கியை இழுப்பதற்கு இத்தகைய வண்டிதான் தேவைப்பட்டது.

12 சிலிண்டர் டீசல் எஞ்சின் 415 குதிரைத்திறன் தருகிறது. இருந்தும், 20 டன் எடையுள்ள வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 35 கி.மீ.தான். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க எம்4 இழுவை வண்டியே 50 கி.மீ.யைத் தாண்டியது என்பதை நினைத்தால் இது குறைவுதான். ஆனால் எம்4 பெட்ரோலில் ஓடிய, ஏறக்குறைய 14 டன் எடையே உள்ள வண்டி. ஏடி-டியின் ஓட்டுநர் அறைக்குக் கவசம் கிடையாது என்பதால், எதிரியின் துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு இதைக் கொண்டுசெல்வது அறிவீனம். நல்ல சாலைகள் உள்ள இடத்தில் இவ்வளவு டீசல் குடிக்கும் வண்டியை வைத்திருப்பதும் வீண்செலவே. சேற்றிலும் பனியிலும்தான் இதன் மதிப்பு தெரியும்.

அதற்கு அண்டார்டிகாவைவிடப் பெரிய சோதனைக்களம் இல்லை. ஏடி-டியின் அடிப்பாகத்தை நீட்டி, பக்கத்துக்கு ஐந்தாக இருந்த சக்கரங்களை ஏழாக்கி, அதன் மேல் படுக்கைகளும் சமையலறையும் கொண்ட வெப்பக்காப்புக் கூடத்தை ஏற்றி உருவாக்கிய 'கார்கிவ்சாங்கா' வண்டிகள், 1959 டிசம்பர் 26 அன்று தென் துருவத்தை அடைந்தன. வண்டியின் மொத்த எடை ஏறக்குறைய 35 டன்னாக உயரும் அளவுக்கு அந்த அடிப்பாகம் இடம்கொடுத்தது என்பதே அதன் உறுதிக்குச் சான்று. (புல்டோசர், அகழி தோண்டும் இயந்திரம், ரேடார் வண்டி ஆகியவையும் இதே அடிப்பாகத்தில் பிறந்தன.)

அந்தத் துருவ வண்டியில் எஞ்சின் கூடத்துக்குள்ளேயே இருந்ததால், வெளியே இறங்கி உறையாமல் அதைப் பழுதுபார்க்கலாம். ஆனால் புகையும் உள்ளே வந்தது. 1975-இல் வந்த இரண்டாம் வடிவத்தில் எஞ்சினைக் கூடத்திலிருந்து பிரித்து, ஏடி-டியின் பழைய லாரி முகத்துக்கே திரும்பினார்கள். பயணிகளின் மூச்சுக்கு அது நல்லது. மெக்கானிக்குக்கோ மீண்டும் குளிரில் நிற்க வேண்டிய நிலை. நீண்ட பயணத்துக்கு நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்.