கண்ணாடியில் புரதம் ஒட்டாமலிருக்க: சிலேன் பூச்சா, பிஎஸ்ஏவா?

ஆய்வகக் கண்ணாடிக் குழாயின் பரப்பிலுள்ள சிலனால் தொகுதிகள் (சிலிக்கானோடு இணைந்த OH தொகுதிகள்) பிஎச் 7-இல் எதிர்மின்னேற்றம் பெற்றிருக்கும். லைசோசைம் போன்ற நேர்மின்னேற்றப் புரதங்கள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் மட்டுமே உள்ள நீர்த்த கரைசலில் இந்த இழப்பு அளவீட்டையே கெடுத்துவிடும்.

சிலேன் வகைச் சேர்மமான டைமெத்தில்டைகுளோரோசிலேனைப் பூசினால் அந்தத் தொகுதிகள் மூடப்பட்டு, நீர் ஒட்டாத படலம் உருவாகிறது. ஒருமுறை பூசியது பலமுறை பயன்படும். ஆனால் பூசும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். புகை உறிஞ்சும் பெட்டிக்குள்தான் செய்ய வேண்டும், இதில் அலட்சியம் கூடவே கூடாது. காரக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் படலம் போய்விடும். அப்புறம், நீர்விலக்கும் பகுதிகள் அதிகமுள்ள புரதங்கள் அந்தப் படலத்திலேயே ஒட்டக்கூடும்.

பிஎஸ்ஏ எளிது. மாட்டுச் சீரத்திலிருந்து எடுக்கும் இந்த ஆல்புமினை மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் கரைத்து, அரை மணி நேரம் குழாயில் வைத்திருந்து கொட்டினால் போதும். ஒட்டும் இடங்களை அதுவே முதலில் பிடித்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், அதுவும் புரதம்தானே! கொஞ்சம் கழன்று வந்தாலும் சாயத்தைக் கொண்டு புரத அளவைக் காணும் பிராட்ஃபோர்டு சோதனையில் அளவு கூடிக் காட்டும், மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலையில் அதன் சிகரங்களும் தெரியும்.

நொதியின் செயல்பாட்டை அளக்க நான் பிஎஸ்ஏவையே எடுப்பேன். தூய புரதத்தைச் சேகரிக்க வேண்டுமென்றால் சிலேன்தான் சரி.