பந்தாயோக் நினைவகம், கெசோன் சிட்டி: போகுமுன் அறிய வேண்டியவை

பிலிப்பைன்ஸ் முன்னாள் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸின் சர்வாதிகாரத்தை எதிர்த்து உயிரிழந்தவர்களின் நினைவிடம் இது. கெசோன் அவென்யூ எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கருங்கல் சுவரில் 1992இல் முதலில் பொறித்தவை 65 பெயர்கள். பிறகு பல சேர்ந்தன. மெருகேற்றிய கல் என்பதால் உச்சிவெயிலில் எழுத்தைப் படிக்கக் கண் கூசும், படமும் சரியாக விழாது. காலையிலேயே போங்கள்.

பூரிஃபிகாசியோன் பெத்ரோவின் பெயரைத் தேடிப் படியுங்கள். சீகோ ஆற்றில் திட்டமிடப்பட்ட அணையை எதிர்த்த மக்களோடு நின்ற திருச்சபைச் சமூகப்பணியாளர். 1977 ஜனவரியில் பத்தான் மாகாணத்தில் குண்டடிபட்டு, மருத்துவமனையிலேயே கொல்லப்பட்டார். வயது 28தான்!

சுவரில் இருப்பது பெயர் மட்டுமே. வாழ்க்கையை முன்பே படித்துவிட்டுப் போகாவிட்டால் பாதி இழப்பு. உள்ளே அருங்காட்சியகத்தில் சிறையறை மாதிரியை அவசரப்படாமல் பாருங்கள். திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.