அப்பாவின் மெடல்களும் குன்னூர் ஃப்ரேம் கடையும்

குன்னூர் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது இந்த ஃப்ரேம் கடை. பெயரைப் போடவேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். ஒற்றை ஆளாகச் செய்கிறார், இப்போதே கைகொள்ளாத வேலை.

அப்பா போன வருஷம் தவறிவிட்டார். மெட்ராஸ் ரெஜிமெண்டில் நாயக், அதாவது சுபேதாருக்குக் கீழே உள்ள பதவி. 1971 பாகிஸ்தான் போரில் கிழக்கு முனையில் இருந்தவர். மெடல்களை பிஸ்கட் டின்னில்தான் வைத்திருந்தார். அவற்றை அணிந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அந்தப் போரின்போது ராணுவத் தளபதியாக இருந்த ஃபீல்ட் மார்ஷல் மானெக்‌ஷா 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் இறந்து, ஊட்டி பார்சி கல்லறைக்குக் கொண்டுபோன நாளில், அப்பா கோட்டைப் போட்டு மெடல்களைக் குத்திக்கொண்டு அருவங்காடு ரோட்டோரம் போய் நின்றார். வீட்டுக்கு வந்ததும் கழற்றித் துடைத்து டின்னில் வைத்துவிட்டார்.

அப்பா போன பிறகு அண்ணன் அவற்றைக் கீழே சமவெளியில் ஒரு கடையில் கொடுத்து ஃப்ரேம் போட்டான். மெடல்களைப் பசை வைத்து வெல்வெட்டில் ஒட்டியிருந்தார்கள். கண்ணாடி ரிப்பன் மேலேயே அழுந்திக் கிடந்தது. எங்கள் ஊர் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் கேட்கவா வேண்டும், இரண்டே மாதத்தில் உள்ளே பூஞ்சை. கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த பூர்வி ஸ்டார் மெடலின் ரிப்பன் மேல் இருந்த சின்னத் தாமரை இலையைக் காணோம். அன்றைக்கு அம்மா சாப்பிடவே இல்லை.

அப்படியே தூக்கிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தேன். பெரியவருக்கு எழுபதை ஒட்டிய வயது. முன்பு பட்டாளத்துக்காரர்களுக்கு யூனிஃபார்ம் தைத்தவராம். சட்டத்தைத் திருப்பிப் பார்த்தவர் விலை எதுவும் சொல்லவில்லை. “இலை எங்கேம்மா?” என்றார். ரிப்பனில் இரண்டு ஊசித் துளை இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். போர் அறிக்கையில் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்டவர்களுக்கு மட்டும் உள்ள இலை அது. வெல்வெட்டைப் பிரித்ததில் அடி அட்டையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் கேட்டார், “அப்பா என்ன செய்தார்?” என்னிடம் இருந்தது மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு டைப் அடித்த பாராட்டுத் தாள். டிசம்பர் மாத இரவு, இடுப்பளவு தண்ணீர் நின்ற வயல், பிளட்டூனை நடத்திய சுபேதாருக்குக் குண்டடி. நாயக்காக இருந்த அப்பா பொறுப்பை எடுத்து, விடியும்வரை வரப்பைப் பிடித்து நின்று, காயம்பட்டவர்களையும் சுமந்து வந்தார் என்று அதில் இருக்கிறது. அப்பா வாயால் எங்களிடம் இதைச் சொன்னதே இல்லை. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததைப் பற்றிக்கூட அதிகம் பேசமாட்டார். அவர் எடுத்துப் பார்ப்பது இன்னொரு காகிதத்தை. அவருடைய செக்‌ஷனில் அன்றிரவு இருந்த பத்துப் பேரின் பெயர், பென்சிலில். ஒன்பது பெயருக்கு டிக். ஒன்றுக்கு இல்லை. கல்யாண வேன், கோயில் பஸ் எதில் ஏறினாலும் அப்பா ஆள் எண்ணாமல் வண்டியைக் கிளப்ப விடமாட்டார். அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று அந்தக் கடையில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

பெரியவர் பாராட்டுத் தாளையும் பெயர்க் காகிதத்தையும் மெடல்களோடு சேர்த்தே வைக்கலாம் என்றார். இரண்டையும் நகல் எடுத்து நகலைத்தான் ஃப்ரேமில் வைத்தார். அசலை உறையில் போட்டுத் திருப்பித் தந்தார்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். பசையே கிடையாது, மெடல்களை நூலால் தைத்திருக்கிறார். ஆழமான பெட்டிச் சட்டம். கண்ணாடிக்கும் ரிப்பனுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி, ஈரம் இழுக்க ஓரத்தில் சிலிக்கா பொட்டலம். முதலில் பூர்வி ஸ்டார், அடுத்து 1971 போர்க்காலச் சேவைக்கான சங்கிராம் மெடல் என்று வரிசை பிசகவில்லை. சங்கிராம் மெடலின் விளிம்பில் அப்பாவின் நம்பரும் பெயரும் வெட்டியிருப்பதால், விளிம்பு தெரிகிற மாதிரி கொஞ்சம் தூக்கித் தைத்திருக்கிறார். பளபளப்பாக்கித் தரச் சொன்னேன், மறுத்துவிட்டார். தேய்த்தால் எழுத்து மங்குமாம். அவர் சொன்னது சரி.

குறை என்றால் நேரம்தான். பத்து நாள் என்றவர் இருபத்திரண்டு நாள் எடுத்தார், நடுவில் போன் செய்தாலும் எடுக்கவில்லை. திதிக்குள் கிடைக்குமா என்று தவித்துப்போனேன். அவசரம் என்றால் ஒரு மாதம் முன்னாடியே கொடுத்துவிடுங்கள். 2,800 ரூபாய் வாங்கினார். ரொக்கம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

வாங்கப் போன அன்று, மெடல்களில் இருந்த பழைய ஊசிகளையும் இற்றுப்போன நூலையும்கூட ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார். “அப்பா குத்தின ஊசிம்மா, தூக்கிப் போடாதீங்க” என்றார். பிஸ்கட் டின்னில் இப்போது அந்தக் கவர் இருக்கிறது.